அவர் பெயரில் என் கண்

மேடம், உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளுங்கள். இப்படிக் கழுத்தை நீட்டிக்கொண்டு எழுதினால் சாயங்காலத்துக்குள் பிடரி பிடித்துக்கொள்ளும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. கண் ஆஸ்பத்திரியில் என் அறைக்குள் யார் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது அவர்கள் உட்காரும் உயரத்தைத்தான். உயரம் சரியில்லை என்றால் கழுத்து வலிக்கும், கழுத்து வலித்தால் கவனம் போகும், கவனம் போனால் சோதனை தப்பாகிவிடும். தப்பான சோதனை ஒன்றுகூட என் கையால் வெளியே போகக்கூடாது என்று இருந்தவள் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கதவோரம் நிற்கிறாளே அந்தப் போலீஸ்காரப் பெண், அவள் எதற்கு? நான் ஓடிவிடுவேன் என்றா, இல்லை நீங்கள் கவனிக்க மறந்ததை அவள் கவனித்துச் சொல்லவா? சரி, நிற்கட்டும். எனக்கு யாரையும் சுலபத்தில் நம்ப வராது. பிறவிக் குணம். பால் பாக்கெட்டைக் கடையிலேயே முகர்ந்து பார்ப்பேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். “சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும் நீ அடையாள அட்டை எங்கன்னு கேப்ப.” நானும் சிரிப்பேன். கேட்டால் என்ன தப்பு என்றுதான் அப்போதும் தோன்றும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கட்டின புருஷனுடைய பார்வை போய்க்கொண்டிருப்பதைத் தெரிந்தே மூன்று வருஷம் எப்படி வாய் திறக்காமல் இருந்தாய் என்று. சொல்கிறேன். ஒரே வரியில் சொன்னால் நான் ராட்சசி மாதிரித் தெரிவேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும்.

அவருக்கு முடக்குவாதம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடவேண்டும். அப்புறம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மாத்திரை, அதைக் குறை சொல்லமாட்டேன். வீக்கம் வடிந்து மனுஷன் பழையபடி ஆகிவிட்டார். ஆனால் வருஷக்கணக்காகச் சாப்பிடும்போது சிலருக்கு, எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும் அது கண்ணுக்குள்ளே விழித்திரையில் போய்த் தங்கி அரிக்க ஆரம்பிக்கும். அரிப்பது அவர்களுக்கே தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். போன இடம் திரும்பி வராது. அதனால்தான் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை எங்களிடம் அனுப்புவார்கள். நோயாளிக்குத் தெரிவதற்கு முன்னால் எங்களுக்குத் தெரியவேண்டும். சம்பளமே அதற்குத்தான்.

சோதனை ரொம்ப எளிது. அறையை இருட்டாக்கிவிடுவோம். பெரிய வெள்ளைக் கிண்ணத்தை நம் பக்கம் சாய்த்து வைத்தமாதிரி ஒரு மெஷின் இருக்கும். அதற்குள் முகத்தை வைத்து, தாடையை ஊன்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கிற மஞ்சள் விளக்கையே பார்க்கவேண்டும். சுற்றிலும் பொடிப்பொடியாக வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். பார்க்காமல் விட்ட இடமெல்லாம் என் பக்கத்துத் திரையில் கறுப்பாகும். இந்த மாத்திரையால் கெட்ட கண்ணில் அந்தக் கறுப்பு ஒரு வளையமாக வரும். நடுவில் இருப்பது நிற்கும், அதைச் சுற்றி இருப்பது போகும். பிறகு ஸ்கேன் எடுத்து விழித்திரையையும் பார்ப்போம். இரண்டையும் செய்வது நான்தான். பெரிய டாக்டர் முடிவை மட்டும் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்காரர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். அந்த வேலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், கமா முற்றுப்புள்ளி உட்பட. எதிரே இருப்பவர் அச்சான தாளில் விரலை ஓட்டிக்கொண்டே பிழையைப் பிடிப்பார். அவருக்கு வாசிக்க ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். சின்ன வயசு, குரல் நன்றாக இருக்கும். நாள் முழுக்க ஒரே மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து அவள் பேச இவர் கேட்பார். வேலைதான், எனக்கும் தெரியும். ஆனால் நான் பேசினால் இவர் ஒரு நிமிஷம் உருப்படியாகக் கேட்டதில்லை.

ஒருநாள் சாப்பிடும்போதுதான் கவனித்தேன். என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார், பார்வை என் முகத்தில் இல்லை. காதோரமாக எங்கேயோ போகிறது.

“யாரைப் பாக்கறீங்க?” என்று கேட்டேன்.

“உன்னத்தாம்மா.”

“நான் இங்க இருக்கேன்.”

கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சிரித்தார். “தெரியுது, தெரியுது” என்றார். அன்றிலிருந்து தினமும் பார்த்தேன். நேருக்கு நேர் பார்த்தால் ஒரு நொடிதான் நிற்பார், உடனே பார்வை நழுவிவிடும். கல்யாணமான நாள் முதல் முகம் பார்த்துப் பேசிய மனிதன் திடீரென்று பக்கத்தில் பார்த்துப் பேசினால் என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்தால் நீங்கள் டாக்டரிடமா கூட்டிக்கொண்டு போவீர்கள் மேடம்?

அடுத்து என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். வளையம் விழுந்த கண்ணுக்கு எதிரே இருப்பவரின் மூக்கு தெரியும், கண்ணும் வாயும் தெரியாது, முழு முகத்தையும் பிடிக்கப் பார்வையைத் தள்ளித்தான் வைக்கவேண்டியிருக்கும், இது உனக்குத் தெரியாதா என்று. தெரியும். என் அறைக்கு வந்தவர்களில் பல பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நான் சோதிக்கிறவள். வீட்டில் பெண்டாட்டி. பெண்டாட்டிக்கு வேறு மாதிரித்தான் தோன்றும்.

அந்த வருஷச் சோதனைக்கு வந்தார். உயரம் சரிசெய்தேன். இடது கண்ணை மூடினேன். விளக்கை அணைத்தேன். சோதனை பாதி ஓடுவதற்குள் என் திரையில் கறுப்பு விழுந்துவிட்டது. முழு வளையம் இல்லை, பிறை மாதிரி. அப்போதே மாத்திரையை நிறுத்தியிருந்தால் அவர் இன்றைக்கும் படித்துக்கொண்டிருப்பார் என்று பெரிய டாக்டர் சொல்கிறார். நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நிமிஷத்தில் என் யோசனை எங்கே போயிற்று என்றால், அவருடைய விரல்களுக்குப் போயிற்று. மாத்திரையை நிறுத்தினால் மறுபடியும் வீங்கும். வலியில் துடிப்பார். துடிப்பதை நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கண்ணையும் சோதித்து முடித்ததும், சேமிக்கவா என்று மெஷின் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கினேன். அவர் தாடை வைத்த இடத்தில் என் தாடையை வைத்தேன்.

எனக்கு ஒரு வெளிச்சம்கூடத் தவறவில்லை. ஆனால் அவ்வளவு சுத்தமாக இருந்தால் டாக்டருக்கே உறுத்தும். சந்தேகம் எங்கிருந்து கிளம்பும் என்று எனக்குத் தெரியாதா? அதனால் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேண்டுமென்றே விட்டேன். ஸ்கேனையும் அதே மாதிரி நானே எடுத்துக்கொண்டேன். ஒரு கையால் பட்டனைத் தட்டிக்கொண்டு மெஷினில் நோயாளி பக்கம் முகத்தை வைப்பது கொஞ்சம் சிரமம். பழகினால் வந்துவிடும்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். நல்ல மனுஷர், பாவம். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இப்படியெல்லாம் ஆளை நம்பலாமா என்று அப்போதே நினைத்தேன்.

இவருக்கும் சந்தோஷம். “அப்ப கண்ணாடிதான் சரியில்ல போல. எழுத்து நடுவுல நடுவுல காணாமப் போகுது” என்றார். கண்ணாடி மாற்றினோம். அது சரிப்படவில்லை என்று இன்னொன்று. கடைக்கு நானும் கூடப் போனேன். பிரேம் நான்தான் தேர்ந்தெடுத்தேன், அவர் முகத்துக்கு எடுப்பாக இருந்தது. கடையிலிருந்த நிலைக்கண்ணாடியில் முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யாருக்காக இவ்வளவு அழகு பார்க்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

மூட்டு டாக்டர் இடையில் ஒருதடவை, இவர் எடை குறைந்துவிட்டது, மாத்திரையைப் பாதியாக்குங்கள் என்று என்னிடம் சொன்னார். தினமும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். பாதியாக்கவில்லை. வலி வந்துவிடுமே என்றுதான்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அவர் மறக்கவில்லை, நான்தான் அவர் பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். ஒருநாள் நேரில் பார்த்துவிடவேண்டும் என்று இருந்தது. அச்சகத்தில் மை வாடை, மெஷின் சத்தம். உள்ளே தள்ளி ஒரு கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். இவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். கையில் பேனா இல்லை. பேனா அவள் கையில் இருந்தது. வாசிப்பதும் அவள், திருத்துவதும் அவள். அப்படியானால் இவருக்கு அங்கே என்ன வேலை?

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள். கதவைச் சாத்திவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

“அக்கா, உங்ககிட்டப் பேசணும்னே இருந்தேன். சாருக்குக் கண்ணுல ஏதோ கோளாறு இருக்கு. வரியே புடிபட மாட்டேங்குது. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாரு. அதான் நானே பாத்து முடிச்சுக் குடுத்துடறேன். நீங்க அந்த வேலைலதான இருக்கீங்க, கொஞ்சம் கவனிங்கக்கா.”

“போன தடவதான் பாத்தோம். ஒண்ணும் இல்ல” என்றேன்.

“இல்லக்கா, நெஜமாவே…”

“என் புருஷன் கண்ணு எனக்குத் தெரியாதா?”

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்குக் கோபம் வரவில்லை மேடம், அவளுடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன். திருடப் போகிற வீட்டுக்காரியிடமே வந்து பூட்டு சரியில்லை என்று சொல்கிறாள். நான் அவள் மேஜைக்குப் போய் ஒரு வார்த்தை பேசாமல் டப்பாவை வைத்துவிட்டு வந்தேன். அவர் வாசனை பிடித்தே, “யாரு, எங்க வீட்டம்மா வந்தாங்களா?” என்று கேட்டாராம், நீங்கள்தான் சொன்னீர்கள். அதையும் அவள்தான் உங்களிடம் சொன்னாளா? என்னிடம் அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அடுத்த சோதனையில் வளையம் மூடிவிட்டது. அதற்கடுத்த வருஷம் வளையம் தடித்துவிட்டது. அந்தக் கடைசி சோதனையை மட்டும் அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கை பட்டனில் தயாராக இருக்க, வெகுநேரம் அசையாமல் இருந்தார். வெளிச்சம் வந்துகொண்டேயிருக்கிறது. என் திரையில் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே போகிறது.

“லைட்டே வரலியேம்மா. மெஷின் ஓடுதா?”

“ஓடுது. நல்லாப் பாருங்க.”

“தூங்கிட்டேனோ என்னவோ.” சிரித்தார். பிறகு சும்மாவே ஒரு தடவை பட்டனை அழுத்தினார். என்னைத் திருப்திப்படுத்தத்தான் அழுத்தினார் என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போகும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். நான் போய்த் தோளைத் தடவிவிட்டேன். பிறகு வந்து என் இடத்தில், அதாவது அவர் இடத்தில், உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் இந்த ரகசியப் பயணம் எல்லாம். ஒரு விடுமுறை நாளில் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பழைய சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். பட்டனை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அவ்வளவு அவசரம். பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்தில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். படியேறும்போது இவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நடுத்தெருவில், பட்டப்பகலில், ஒரு கூச்சம் இல்லாமல். இறங்கியும் விடவில்லை. அதே பிடியோடு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்று பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அது ஒரு கண் மருத்துவமனை. எங்களுடையதைவிடச் சின்னது. ஆமாம் மேடம், பார்த்தேன், தெளிவாகப் படித்தேன். பெண்டாட்டி கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும்போது ஒரு மனுஷன் எதற்கு வேறு கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்? கையும் களவுமாகப் பிடிபட்டால் சொல்வதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. இடத்தை நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே போனதற்கு எங்கள் வீட்டுக்காரர் சொன்ன காரணத்தை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். “அவ சோதனையில தப்பு வந்திருந்தா அவ வேலைக்கே ஆபத்து. வெளியில தெரியாம முதல்ல உறுதி பண்ணிக்கலாம். தப்புன்னா கூட எப்படியாவது பூசி மெழுகிடலாம்.” அந்தப் பெண்ணும் அதையே சொன்னாள் என்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்களே, அது உங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லையா? உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டமாதிரி எனக்குப் பட்டது.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் கெட்டிக்காரர். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய ஸ்கேன் படங்களை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கண்ணுக்குள் ஓடுகிற ரத்தக்குழாய் கிளை பிரிகிற விதம் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது, கைரேகை மாதிரி. மூன்று வருஷப் படத்திலும் ஒரே கண், ஆனால் அது எதிரே உட்கார்ந்திருப்பவருடைய கண் இல்லை. எங்கள் ஸ்கேன் மெஷின் புதிதாக வந்தபோது ஓட்டிப் பார்க்க முதலில் என் கண்ணைத்தான் எடுத்தார்கள். அந்தப் படம் உள்ளேயே இருந்தது. பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினார்.

“இது யார் கண்ணும்மா?”

“என் கண்ணுதான் சார்” என்றேன். கேட்டால் பொய் சொல்லமாட்டேன். அதுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது நடுவும் போய்விட்டது என்கிறார்கள். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நடமாடலாம், எழுத்து தெரியாது, முகம் தெரியாது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இன்னும் கொஞ்ச நாள் அரித்துக்கொண்டுதான் இருக்குமாம்.

விரல் வலிக்காக என்று இவ்வளவு நேரம் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் பேனா நின்றதிலிருந்தே தெரிந்தது. சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் அந்தக் கறுப்பு பிறை மாதிரி விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அழுகை வரும் அளவுக்கு நிம்மதி. நடுவில் இருப்பது நிற்கும், சுற்றி இருப்பதுதான் போகும். அவருக்கு நடுவில் இருப்பது நான்தானே? சுற்றி இருக்கிற மற்றவர்கள் மறைந்தால் என்ன நஷ்டம்? தெரிந்தேதான் செய்தேன். அவர் பார்வையைச் சுருக்கி எனக்குள் வைத்துக்கொள்ளத்தான் செய்தேன். நடுவும் போகும் என்று படித்திருக்கிறேன், ஆனால் கடைசியில்தான் போகும் என்றும் படித்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான், உங்களைவிட வருத்தம்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முதலில் படித்துப் பார்த்துவிடுகிறேன்.

புகார் கொடுத்தது ஆஸ்பத்திரிதான், அவர் கொடுக்கவில்லை என்று இதோடு சேர்த்திருக்கிற தாளில் போட்டிருக்கிறீர்கள். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மறுத்துவிட்டார், என் சம்சாரத்தை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று மட்டும் கேட்டார் என்று போட்டிருக்கிறீர்கள். படித்ததும் உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா மேடம்? இரண்டு கண்ணும் போன மனுஷன், போக்கினவள் யார் என்றும் தெரியும். நெஞ்சில் கள்ளம் இல்லாதவராக இருந்தால் எதற்காகப் புகார் கொடுக்காமல் இருக்கிறார்?